பிட்டும் துணுக்கும்

"எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சுட்டாடி அவ" என்று அம்மா பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். எங்கள் ஊரான வானகரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். யாரோ ஒருத்தி கேழ்வரகுப் புட்டை வெல்லமும் தேங்காயும் போட்டு வாழையிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நமக்குத்தான் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் புட்டு யாருடைய மகள் யாரோடு போனாள் என்ற செய்தி என்பது பிறகுதான் புரிந்தது.

புரிந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நாற்பது வருஷம் அச்சுத் தொழிலில் எழுத்துகளோடு கிடந்தவன் நான். ஒரே சொல் தின்பண்டத்துக்கும் சேதிக்கும் எப்படிப் பொருந்தியது என்று அவ்வப்போது தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேச்சில் புட்டு ஆகிவிட்ட பிட்டு என்பது ஆவியில் வெந்த பண்டத்தின் பெயர். உடைத்து, சிறு துண்டாக்கி என்ற பொருளில் அதுவே வினையும் ஆகிறது. பண்டத்தின் பெயரை மாவைக் குறிக்கும் வடசொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. எப்படியானாலும் பேசுகிறவர்களின் வாயில் பெயரும் வினையும் ஒட்டிக்கொண்டன. புட்டு உதிரும். எந்த ரகசியமும் உதிர உதிரத்தான் வெளியே வரும். மதுரைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கம். வைகைக் கரையை அடைக்க வந்திக் கிழவிக்காக மண் சுமக்க வந்த சிவபெருமான், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டார் என்பது திருவிளையாடல் கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

1972-ல் பூந்தமல்லியில் ஒரு சிறிய அச்சகத்தில் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி கொடுத்த வேலை, "இந்த பிட்டை கம்போஸ் பண்ணு." பிட்டு என்றால் பிட் நோட்டீஸ். டூரிங் டாக்கீஸில் புதுப் படம், கோயில் கூழ் வார்த்தல், துணிக்கடைத் தள்ளுபடி எல்லாம் ரோஸ், மஞ்சள், பச்சைத் தாளில் கையகலத்துக்கு அச்சாகிப் போகும். மாட்டுவண்டியில் கொட்டு அடித்துக்கொண்டு வீசிப் போவார்கள், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். இந்த 'பிட்' ஆங்கிலச் சொல். கடிப்பதைக் குறிக்கும் 'பைட்' என்ற சொல்லோடு பிறந்தது. கடித்தெடுத்த அளவுதான் பிட். நம் பிட்டுக்கும் அதற்கும் ரத்த உறவு கிடையாது. ஆனால் இரண்டு மொழிக்காரர்களும் வாயளவை வைத்துத்தான் சேதியின் அளவைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய சந்தோஷம் தந்த கண்டுபிடிப்பு.

பிறகு ராயப்பேட்டைப் பக்கம் பத்திரிகைகள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்துக்கு மாறினேன். அங்கேதான் துணுக்கு எனக்குத் தொழிலானது. தேங்காய்த் துணுக்கு, இஞ்சித் துணுக்கு என்று அடுக்களையில் புழங்கிய சொல் பத்திரிகைக்குள் வந்த வழியை அச்சுக்கோத்தவர்கள் கண்ணால் பார்த்தோம். கதையோ கட்டுரையோ பத்தியின் அடி வரைக்கும் வராமல் ஒன்றரை அங்குலத்துக்கு முன்பே முடிந்துவிடும். அந்த ஓட்டையை வெறுமனே விடக்கூடாது. அதற்காக முன்கூட்டியே கோத்த துணுக்குகளை நூலால் கட்டி, வரிக்கணக்கைச் சாக்பீஸால் குறித்து, கேலி என்கிற தட்டில் வரிசையாக வைத்திருப்போம். "ஆறு வரி வேணும்ப்பா" என்று ஃபோர்மேன் கத்துவார். "ஆறு வரியில ஒட்டகம் இருக்கு சார், ஒன்பதுல நெப்போலியன் இருக்காரு" என்று நான் பதில் சொல்வேன். உலக ஞானம் எங்களிடம் வரிக்கணக்கில் இருப்பு இருந்தது.

இப்படி ஓட்டை அடைக்க வந்ததையே முழுப் பத்திரிகையாக்கலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் நியூன்ஸ். 1881 அக்டோபரில் மான்செஸ்டரில் 'டிட்-பிட்ஸ்' வார இதழைத் தொடங்கினார். டிட்-பிட் என்றால் வாய்க்கு ருசியான சிறு துண்டு. உலகத்துப் புத்தகங்கள், பத்திரிகைகளிலிருந்து பொறுக்கிய சுவையான சேதிகள் என்று அட்டையிலேயே சொல்லிக்கொண்டது. அதற்கு முதலீடு தேடியவர் மான்செஸ்டரில் ஒரு சைவ உணவகம் திறந்து, அந்த வருமானத்தைப் போட்டார். தின்பண்டத்தின் பெயர் தாங்கிய பத்திரிகை சாப்பாட்டுக் கடைக் காசில் பிறந்ததைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் அதை வாங்கினார்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே நாலு துணுக்கு படித்துவிடலாம். கையில் டிட்-பிட்ஸ் வைத்திருந்தவர் ரயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 100 பவுண்டு என்று காப்பீடும் கொடுத்தார்கள். அதே நியூன்ஸ்தான் 1891-ல் 'ஸ்டிராண்ட்' மாத இதழைத் தொடங்கி, ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகளை வீடு வீடாகக் கொண்டுபோனவர்.

நம் பக்கம் அந்த இடம் 'கல்கண்டு' இதழுக்கு. பெயரைப் பாருங்கள்! எங்கோ இங்கிலாந்தில் ஒரு பத்திரிகைக்குத் தின்பண்டப் பெயர் வைத்தது போல இங்கே வாயில் போட்டுச் சுவைக்கும் கற்கண்டின் பெயர் வந்தது; அந்த இதழை ஒரு தமிழர் துணுக்குகளால் நிரப்பினார். தமிழ்வாணன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'துணிவே துணை' என்ற வாசகம். அங்கே ஹோம்ஸ் என்றால் இங்கே தமிழ்வாணன் படைத்த சங்கர்லால், தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிவார். 'துணை' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரைக்கும் யானைத் துதிக்கை போட்ட தனி எழுத்து இருந்தது. அதை எழுத்துப் பெட்டியின் அறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் மின்சார ரயிலில் போகிற ஷிப்டுக்காரர்கள் கையில் நான் கல்கண்டை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எத்தனையோ பேருக்குப் பூகோளமும் விஞ்ஞானமும் அந்தத் துணுக்குகள் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. துணுக்கைக் குறைவாகப் பேசுகிற படித்தவர்களிடம் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு முழு இலை விருந்து கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது கற்கண்டு.

ஒரு தவறைச் சொல்லவேண்டும். ஒரு முறை ஐந்து வரித் துணுக்கு நாலு வரி இடத்தில் உட்காரவில்லை. அவசரத்தில் கடைசி வரியை உருவிவிட்டேன். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பார்கள் என்று தொடங்கும் துணுக்கு அது. உருவிய வரியில்தான் அது உண்மையில்லை, வௌவாலுக்குக் கண் தெரியும் என்று இருந்தது. இதழ் வெளிவந்த வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் தபால் அட்டையில் வருத்தத்தோடு எழுதியிருந்தார். அவருடைய மாணவர்கள் துணுக்கைக் காட்டி அவரையே திருத்தினார்களாம். தமிழில் உண்டு என்பதும் இல்லை என்பதும் கடைசியில்தான் வந்து நிற்கும். அன்றிலிருந்து துணுக்கில் எதை வெட்டினாலும் வாலில் கை வைத்ததில்லை.

கிசுகிசுவில் வெட்டுவது தலையை. பெயர் இருக்காது. 'அந்த மூன்றெழுத்து நாயகி', 'உயர்ந்த நடிகர்' என்று தொடங்கும். எழுவாயை விட்டுவிட்டாலும் தமிழ் வாக்கியம் நொண்டாமல் நடக்கும். அந்த வசதியில்தான் கிசுகிசு பிழைக்கிறது. படிப்பவர் தன் வாயால் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்வார். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது போல என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான். காய்ந்த அவலை வாயில் போட்டால் உடனே கரையாது, மெல்ல மெல்ல வரும். ஊர் வாயில் அரைபட்டது, மென்று முழுங்கினான், அசை போட்டான் என்று மற்றச் சொற்களையும் கவனியுங்கள். ஆங்கிலக்காரர் ருசியைத் துண்டில் வைத்தார், நாம் தாடையில் வைத்தோம்.

இப்படி அவலைப் போட்டு மெல்ல வைத்து வாழ்ந்தவர் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன். 1943-ல் 'சினிமா தூது' நடத்தினார், அது நிறுத்தப்பட்ட பிறகு 'இந்துநேசன்'. நடிகர்கள், பணக்காரர்களின் வீட்டுக்குள் நடப்பதாகச் சொல்லி எழுதினார். சிலர் எழுதாமலிருக்கவும் காசு கொடுத்தார்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி அவர் சிறையில். வெளியே வந்த பிறகு பழைய இடம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1959-ல் இறந்தார். லட்சுமிகாந்தனைக் குத்தியது யார் என்பது தீரவில்லை. எங்கள் ஃபோர்மேன் இந்தக் கதையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். அவருக்கு அது செய்தி அல்ல, எச்சரிக்கை.

கிசுகிசுவிலும் துணுக்கிலும் சேராத ஒன்று இருக்கிறது, 'துளிகள்'. மாநாட்டுத் துளிகள், பொதுக்குழுத் துளிகள் என்று நாளிதழ்கள் கட்டம் கட்டிப் போடுமே, அது. 2022 ஜூன் 23 அன்றும் ஜூலை 11 அன்றும் அதிமுக பொதுக்குழு எங்கள் வானகரத்து ஸ்ரீவாரு மண்டபத்தில் கூடியபோது, ஒரு காலத்தில் பிட் நோட்டீஸ் கூட எட்டிப் பார்க்காத ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்க ஓடியது. ஜூன் கூட்டத்திலிருந்து ஓ. பன்னீர்செல்வம் வெளியேறியதும், அவர் பக்கம் தண்ணீர் பாட்டில் பறந்ததும், ஜூலையில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனதும் பெரிய எழுத்தில் வந்தன. நான் தேடியது கட்டத்துக்குள் இருந்த சின்ன எழுத்தை. நெடுஞ்சாலை நெரிசல், கொளுத்திய வெயில், பந்தியில் பரிமாறியது என்ன. இப்படிப்பட்ட துளிகளில் சாப்பாட்டுக்கு எப்போதும் ஓரிடம் உண்டு.

பொதுக்குழு கூடிய நாளில் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் சமோசா. "அண்ணே, உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். "யார் சொன்னதுப்பா உனக்கு?" என்றேன். "யாரோ சொன்னாங்க" என்றார். சமோசாவில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டேன்.