வெண்வயிற்றுச் சோலைக்கிளி

வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்பது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைச் சோலைகளில் மட்டும் வாழும் சிறிய பறவையினம் ஆகும். பழனி மலை, ஆனைமலை, மேகமலை ஆகியவை இதன் வாழிடங்கள். பெயரில் கிளி என்று இருந்தாலும் இது கிளிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. சோலையில் வாழும் பறவை என்பதே பெயரின் பொருள்.

தோற்றம்

ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுடையது. தலை, முதுகு, மார்பு ஆகியன கருநீலமாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். கால்கள் நீண்டவை. நீலகிரியில் வாழும் இதன் உறவினத்திற்கு விலாப்புறம் செம்பழுப்பாக இருக்கும். பழனி மலைப் பறவைக்கு அந்நிறம் இல்லை.

கண்டறிந்த வரலாறு

மராத்தியப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க் பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். அவர் சேகரித்ததைக் கொண்டு வில்லியம் பிளான்ஃபோர்டு 1868 இல் இவ்வினத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். பழனி மலைப் பறவைகள் பற்றிய ஃபேர்பேங்க்கின் பட்டியல் 1877 இல் வெளிவந்தது. மலைச் சிரிப்பான் ஒன்றின் அறிவியற் பெயரிலும் அவர் பெயர் நிலைத்துள்ளது.

இப்பறவையை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. குட்டைச்சிறகன்களின் பேரினத்தில் நெடுநாள் வைத்திருந்தனர்; நீலகிரிப் பறவையின் துணையினமாகவும் கருதினர். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017 இல் வி. வி. ராபின் முதலானோர் இதற்கும் உறவினங்களுக்கும் சோலிகோலா என்னும் புதிய பேரினத்தை அமைத்தனர். அகத்தியமலைப் பகுதியில் உள்ளவற்றை அவ்வாய்வு தனி இனமாக விவரித்தது. கணவாய்களாலும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளாலும் பிரிந்த மலையுச்சிகள் இப்பறவைகளுக்குத் தீவுகளைப் போன்றவை. சமவெளியின் வெப்பத்தைக் கடந்து அவை அடுத்த மலைக்குச் செல்வதில்லை.

தேடிக் காணுதல்

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள ஆயக்குடி, கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து பார்த்தால் பழனி மலைத்தொடர் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். ஆனால் இப்பறவை அடிவாரத்தில் கிடைக்காது. மலைப்பாதையில் ஏறிப் பெருமாள்மலையைக் கடந்து, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலை அடைந்த பின்னரே தேடலைத் தொடங்க இயலும். பாம்பே சோலை, வட்டக்கானல் ஆகியவை பறவை நோக்குநர் வழக்கமாகச் செல்லும் இடங்கள்.

பறவை அரிதாகத் தென்படுவதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமன்று. அது தரையை ஒட்டிய இருண்ட புதரடியில் பூச்சிகளைத் தேடித் திரிகிறது. விடியலிலும் அந்தியிலும் மங்கிய ஒளியில்தான் சில சமயம் பாதையோரத்திற்கு வரும். எனவே முதலில் காதுக்குப் புலப்படுவது அதன் சீழ்க்கைப் பாடலே. ஓரிடத்தில் அசையாது அரை மணி நேரம் நிற்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, சோலை முழுதும் நடப்பவருக்குக் கிடைப்பதில்லை. தாழ்வான காடுகளில் காணப்படும் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானை இதுவெனப் பிழையாகக் குறிப்பதும் உண்டு. அது கிளையில் அமர்ந்து பூச்சி பிடிக்கும். சோலைக்கிளியோ பெரும்பாலும் தரையருகே இருக்கும்.

பதிவு செய்த பாடலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது எளிய வழி. ஆயினும் தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக அது எண்ணி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டு வரக்கூடும். இனப்பெருக்கக் காலத்தில் இம்முறையைத் தவிர்ப்பதே முறை. கூடு ஓடைக்கரைப் பொந்துகளிலும் மரப் பொந்துகளிலும் பாசியால் அமைக்கப்படும்.

வாழிட இழப்பு

பழனி மலையின் மேட்டுப் பகுதி முன்பு புல்வெளியும் பள்ளங்களில் சோலையுமாக இருந்தது. சீகை, தைலமரம், பைன் ஆகிய தோட்டங்களும் வேளாண்மையும் அதை மாற்றிவிட்டன. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததைக் காட்டியது. சோலைப் பரப்பும் குறைந்திருந்தது. 2013 இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடழிப்பால் துண்டான சோலைகளில் பறவைகளின் பாடலும் இடத்துக்கிடம் வேறுபடுவதை 2016 இல் வெளியான ஆய்வு பதிவு செய்துள்ளது.