கலகத்திலிருந்து குடியரசுக்கு: குடுபல்லி எல்லையில் ஒரு வரலாற்று வாசிப்பு

1782 ஏப்ரலில் வட அமெரிக்காவின் டெலாவேர் விரிகுடாவில் ஒரு சிறு கடற்போர் நிகழ்ந்தது. பிரித்தானியப் பேரரசை எதிர்த்துக் கலகம் செய்துகொண்டிருந்த பென்சில்வேனியாவின் கப்பல் ஒன்று, தன்னைவிட வலிமை வாய்ந்த 'ஜெனரல் மாங்க்' என்னும் ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றியது. வென்ற கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், அந்தப் பெயருக்குரிய மனிதர் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான தொடர்பு வெறும் தற்செயல் அன்று. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கலகக்காரர்களிடம் சரணடைந்த தளபதி காரன்வாலிஸ், 1786இல் கம்பெனியின் தலைமை ஆளுநராக இந்தியா வந்தார். 1791 பிப்ரவரியில் திப்பு சுல்தானுக்கு எதிராக அவர் நடத்திச் சென்ற படை, சித்தூருக்கும் பலமநேருக்கும் இடைப்பட்ட மொகிலி கணவாய் வழியாகவே மைசூர்ப் பீடபூமியில் ஏறியது; மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. ஒரு கண்டத்தில் தோற்ற பேரரசு மறு கண்டத்தில் வென்று நிலைபெற்ற பாதை, இன்றைய சித்தூர் மாவட்டத்தின் மலைச்சரிவுகளினூடே செல்கிறது.

அங்கே கலகம் செய்த குடியேற்றங்கள் சில ஆண்டுகளில் குடியரசாயின. இங்கே கலகம் செய்த பாளையங்கள் அவ்வாறு ஆகவில்லை. குடியரசு பிறக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இக்கால இடைவெளியைக் குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளது. குடியரசின் உள்ளமைப்பில் அது விட்டுச்சென்ற வேறுபாடு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அவ்வேறுபாட்டைக் காண்பதற்குத் தலைநகரங்களைவிட எல்லையோரச் சிற்றூர்களே ஏற்ற இடம். குப்பத்துக்கு அருகே, தமிழ்நாடும் கர்நாடகமும் கைக்கெட்டும் தொலைவிலிருக்கும் குடுபல்லி அத்தகைய ஓரிடம்.

அமெரிக்க நிகழ்வின் அமைப்பு எளியது. 1776இல் விடுதலை அறிவித்த பதின்மூன்று குடியேற்றங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றங்களும் எல்லைகளும் ஏற்கெனவே இருந்தன. கலகம் செய்த அலகுகளே மாநிலங்களாயின. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு உடன்படிக்கை வலுவற்றதாக இருந்தபடியால், 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிப் புதிய அரசியலமைப்பை வரைந்தனர். மாநிலங்கள் முன்பிறந்தவை, ஒன்றியம் பின்பிறந்தது. ஆகவேதான், ஒரு மாநிலத்தின் நிலப்பகுதியிலிருந்து புதிய மாநிலம் ஒன்றை உருவாக்க வேண்டுமாயின் அம்மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என அவ்வரசியலமைப்பு விதித்தது. அக்குடியரசு அடிமை முறையைச் சுமந்துகொண்டே பிறந்தது என்பதையும், தொல்குடிகளின் நிலத்தின்மீதே எழுந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும் அதன் உறுப்புகள் எவை என்பதில் பிறப்பின்போது ஐயம் இருக்கவில்லை.

தென்னிந்தியாவில் கலகம் செய்த அலகுகள் வேறு வகையின. பாளையம் என்பது படை, காவல், வரி ஆகிய மூன்றையும் ஒரே குடும்பத்தின் கையில் இணைத்திருந்த ஆட்சிப் பிரிவு. அதற்கு மொழி எல்லை கிடையாது. தமிழ் பேசும் திருநெல்வேலிச் சீமையில் தெலுங்கு வழிவந்த பாளையக்காரர் பலர் இருந்தனர். வீரபாண்டிய கட்டபொம்மனின் குடும்பமும் அவ்வழியினதே. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை மொழியையோ சாதியையோ ஒரு சீமையையோ விளிக்கவில்லை. ஜம்புத்தீவத்தின் மக்கள் அனைவரையும் விளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே 1801 ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு வந்தது. சித்தூர்ப் பாளையங்களும் அதனுள் அடங்கின. வெங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகரம் போன்ற பெரிய பாளையங்களுக்கு நிலையான பேஷ்குஷ் விதிக்கப்பட்டு, அவை ஜமீன்களாயின. வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் புகுத்திய நிரந்தர நிலவரித் திட்டம், சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதியாக வந்துசேர்ந்தது. சித்தூரின் மேற்கே காடும் குன்றும் சூழ்ந்த சிறிய பாளையங்களோ எளிதில் பணியவில்லை. காவல் உரிமை பறிபோனதும் புதிய வரிக் கெடுபிடிகளும் அவற்றை 1804-05இல் கலகத்துக்குத் தள்ளின. கம்பெனிப் படை வந்தது, கலகம் ஒடுங்கியது, பாளையங்கள் பறிபோயின.

ஒப்பீட்டின் மையம் இங்குதான் உள்ளது. அமெரிக்காவில் கலகம் செய்த அலகு வென்று, குடியரசின் உறுப்பாயிற்று. தென்னிந்தியாவில் கலகம் செய்த அலகு தோற்று, வரைபடத்திலிருந்தே நீங்கியது. அதன் இடத்தில் கம்பெனி வரைந்த வரைபடம் கலெக்டரின் வரைபடம்: வரி வசூலுக்கும் நீதி நிருவாகத்துக்கும் ஏற்ற தாலுக்காக்களும் மாவட்டங்களும் கொண்டது. 1911 ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டமே அதற்குச் சான்று. வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுக்காக்கள், கடப்பையிலிருந்து மதனப்பள்ளியும் வாயல்பாடும், இவற்றோடு பழைய ஜமீன் பகுதிகள் எனப் பல துண்டுகளை இணைத்து அது அமைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் என்ன மொழி பேசினர் என்பது அவ்விணைப்பின் அடிப்படை அளவுகோலாக இருக்கவில்லை.

அந்த அளவுகோலை முன்வைத்தது விடுதலை இயக்கம். 1913இல் பாபட்லாவில் ஆந்திர மகாசபை கூடியது. 1920ஆம் ஆண்டின் நாகபுரி மாநாட்டில் காங்கிரஸ் தன் மாகாணக் கமிட்டிகளை மொழிவழியாகத் திருத்தியமைத்தது. அதாவது, அரசு ஆங்கிலேயரின் வரைபடத்தில் இயங்க, அதை எதிர்த்த இயக்கம் மொழிகளின் வரைபடத்தில் இயங்கியது. மக்களைத் திரட்டுவதற்கு மக்களின் மொழி வேண்டும் என்னும் எளிய உண்மை இதன் பின்னணி. பாளையக்காரரின் கலகத்துக்குப் படையும் கோட்டையும் போதுமானவையாக இருந்தன. வெகுமக்கள் இயக்கத்துக்கு மேடையும் செய்தித்தாளும் வேண்டியிருந்தன. எதிர்ப்பின் வடிவம் மாறியபோது எதிர்ப்பின் அலகும் மாறியது.

ஆனால் 1947இல் ஆட்சி கைமாறியபோது புதிய அரசு ஏற்றுக்கொண்டது கலெக்டரின் வரைபடத்தையே. பிரிவினையின் குருதி காயாத நேரத்தில் மொழிவழி மாகாணம் நாட்டைச் சிதைத்துவிடும் என்று தலைவர்கள் அஞ்சினர். 1948 டிசம்பரில் தார் ஆணையம் மொழியை அடிப்படையாகக் கொள்வதற்கு எதிராகப் பரிந்துரைத்தது. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய குழு 1949இல் கோரிக்கையை ஒத்திப்போடச் சொன்னது. ஆந்திரத்துக்கு மட்டும், சென்னை நகரை விட்டுக்கொடுத்தால், வழி உண்டு என்று குறிப்பிட்டது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு 1950 ஜனவரி 26 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, எட்டாம் அட்டவணையில் 14 மொழிகளைப் பட்டியலிட்டது. அம்மொழிகளுக்கான மாநிலங்களை வரையவில்லை. மாறாக, மூன்றாம் உறுப்பின் வழியாக, மாநிலங்களை உருவாக்கவும் பிரிக்கவும் எல்லையை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. தொடர்புடைய மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்க விதியின் நேர் மறுதலை இது. இங்கே ஒன்றியம் முன்பிறந்தது, மாநிலங்கள் பின்பிறந்தன.

அந்தப் பின்பிறப்பு அமைதியாக நிகழவில்லை. 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நான்கு நாட்களில் நேரு ஆந்திர மாநில அறிவிப்பை வெளியிட்டார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. பெல்லாரி மாவட்டம் தாலுக்கா வாரியாகப் பிரிக்கப்பட்டு, ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் நீங்கலான பகுதி மைசூருக்குச் சென்றது. சித்தூரோ பிரிக்கப்படாமல் முழு மாவட்டமாக ஆந்திரத்தில் சேர்க்கப்பட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதித் தமிழரிடையே எழுந்த எதிர்ப்புக்கு மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் தலைமையேற்றனர். வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்லும் தொல்காப்பியப் பாயிரம் அரசியல் மேடையில் சான்றாவணமாயிற்று.

இலக்கியச் சான்றைக் கொண்டு தாலுக்கா எல்லையை வரைய இயலாது. நடுவராக அமர்த்தப்பட்ட எச்.வி.படாஸ்கர் வேறு அளவுகோல்களை எடுத்துக்கொண்டார்: கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை. 1959இல் நிறைவேறிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகளும் சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளும் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றன. அச்சட்டம் நிறைவேறியபோது மக்களவைத் தலைவராக இருந்தவர் திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். அரசியலமைப்பு மன்றத்தின் உறுப்பினராகவும் இருந்த அவர், அப்போது சித்தூர்த் தொகுதியின் உறுப்பினரும்கூட. 1962இல் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த ஊரான திருத்தணி, அவர் வாழ்நாளுக்குள்ளேயே வட ஆர்க்காடு, சித்தூர், ஆந்திரம், சென்னை மாநிலம் என முகவரி மாறியது. ஊர் ஓரடி நகரவில்லை, அரசுதான் நகர்ந்தது.

குடுபல்லியின் கதை இதற்கு மறுபக்கம். கங்குந்தி ஜமீனின் ஆட்சிப் பரப்பைச் சேர்ந்த குப்பம் வட்டாரம், 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இரயத்துவாரி நிலமாயிற்று; 1953இல் சித்தூரோடு ஆந்திரத்துக்குச் சென்றது; 1960லும் அங்கேயே நின்றது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் சந்தையிலும் பேருந்திலும் வீட்டிலும் கலந்து புழங்கும் நிலம் அது. பிசாநத்தம் தங்கச் சுரங்கமும் பெங்களூர் - ஜோலார்பேட்டை இருப்புப்பாதையும் அக்கலப்புக்கு வலுச்சேர்த்தன. ஊர்ப்பெயரே இதைக் காட்டும். 'பள்ளி' என்னும் ஈறு தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு; கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்து 'ஹள்ளி' ஆயிற்று. மூன்று மொழிகளுக்கும் பொதுவான ஒரு சொல்லைக் கொண்டு அவ்வூர் எந்த மொழிக்கு உரியது என்று தீர்ப்பது மொழியியலுக்கு ஒவ்வாது. 'குப்பம்' என்ற பெயரைத் தமிழ்ச்சொல் என்று காட்டலாம். அதனால் அங்கு வாழ்வோரின் தாய்மொழி உறுதிப்படாது. ஊர்ப்பெயர் குடியேற்றத்தின் பழைய அடுக்கு ஒன்றைக் காட்டுமேயன்றி இன்றைய பேச்சுச் சமூகத்தைக் காட்டாது.

கிராமத்தை அலகாகக் கொள்ளும் படாஸ்கர் முறை, இருந்த முறைகளுள் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கிராமத்துக்கு ஒரே மொழியைத்தான் தரும். அதே கிராமத்தின் இரண்டாம் தெருவுக்கும் ஒரே வீட்டின் இரண்டாம் மொழிக்கும் அதில் இடமில்லை. மொழிவழி மாநிலம் என்ற கோரிக்கை, பெரும்பான்மை ஆட்சிமொழியால் நசுக்கப்பட்டவர்களின் விடுதலைக் குரலாக எழுந்தது. நிறைவேறிய அன்றே அது எல்லையின் இருபுறமும் புதிய சிறுபான்மையினரைத் தோற்றுவித்தது.

குடியரசு இதை அறியாமல் இல்லை. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் மொழிச் சிறுபான்மையினருக்கான காப்புகளைப் பரிந்துரைத்தது. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் 350அ உறுப்பைச் சேர்த்தது: தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதிகளை அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'அளிக்க வேண்டும்' என்று அது சொல்லவில்லை. 'அளிக்க முயல வேண்டும்' என்றுதான் சொல்கிறது. எல்லைக்கோட்டை வரையும்போது சட்டம் பேசிய மொழி உறுதியானது. கோட்டுக்கு அப்பால் விடப்பட்ட குழந்தையைப் பற்றிப் பேசும்போது அதன் மொழி தளர்கிறது.

1997இல் ஆந்திர அரசு அண்டைத் தென்மாநிலங்களின் ஒத்துழைப்போடு திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் நிறுவியது, மொழிகள் சந்திக்கும் இடத்துக்குத் தந்த ஏற்பு. ஆனால் பல்கலைக்கழகம் முனைவர் பட்ட நிலையில் செய்யும் பணியை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்குவது தொடக்கப்பள்ளிதான். எல்லைப்புறத் தமிழ் வழிப் பள்ளிக்கு ஆசிரியர் உண்டா, பாடநூல் உரிய காலத்தில் வருகிறதா என்பவை உள்ளூர்ச் சிக்கல்களாகத் தோன்றலாம். அதே கேள்விகள் ஆந்திர எல்லையையொட்டிய தமிழ்நாட்டு ஊர்களின் தெலுங்கு வழிப் பள்ளிகளைப் பற்றியும் எழுகின்றன. ஒரு பக்கத்தில் உரிமை என்று கோருவதை மறுபக்கத்தில் சலுகை என்று பேசுவது அறமாகாது.

கலகம் வென்ற இடத்தில் குடியரசு, ஏற்கெனவே இருந்த அலகுகளின் ஒப்பந்தமாகப் பிறந்தது. கலகம் தோற்ற இடத்தில் குடியரசு, பேரரசின் வரைபடத்தோடு பிறந்து, அதைத் தன் மக்களின் மொழிகளுக்கேற்பப் பின்னர் திருத்த வேண்டியதாயிற்று. 1953, 1956, 1960 ஆகிய ஆண்டுகளைக் குடியரசு நிறுவப்பட்ட பின் நேர்ந்த நிருவாக மாற்றங்களாகக் கொள்வது போதாது. அவை நிறுவுதலின் தொடர்ச்சி. அவ்வகையில், 350அ உறுப்பின் 'முயல வேண்டும்' என்ற வினை குடுபல்லி போன்ற ஊர்களின் வகுப்பறையில் 'அளிக்கப்படுகிறது' என்று மாறும் வரை அந்த நிறுவுதல் முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது.