ஜவ்வாது மலை: ஊர்க் கவுண்டரும் ஊராட்சி மன்றமும்

பட்டுக்குப் பேர்போன ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறக்கிறது. நதியின் தலைமாட்டில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் அதிகம் பேர் மலையாளிகளே.

வாக்குச்சீட்டு வருமுன்பே மலையில் ஆட்சிமுறை இருந்தது. ஊருக்கு ஓர் ஊர்க் கவுண்டர்; பல ஊர் சேர்ந்தது நாடு, அதற்கு ஒரு நாட்டார். கல்யாணம், தீர்த்துவிடுதல், வரப்புத் தகராறு, சாமி கும்பிடும் நாள் எல்லாம் அவர்கள் முன்னிலையில் முடிவாகும். அந்தச் சொற்கள் இன்றும் அரசுப் பதிவேட்டில் உயிரோடு இருக்கின்றன. திருப்பத்தூர்ப் பக்கத்து மலை ஊராட்சிகள் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. திருவண்ணாமலைப் பக்கத்தில் ஊர்கவுண்டனூர் என்றே ஓர் ஊராட்சி. ஆனால் பழைய சபையில் பெண்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னதில்லை. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த வகையில் பெரிய மாற்றம்.

ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் உள்ளன. சமவெளியில் ஓர் ஊராட்சி என்றால் நான்கைந்து தெருவும் ஒரு காலனியும் கண்ணில் படும். இங்கே அது சரிவுகளில் சிதறிய பல குக்கிராமங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாமை அறுப்பையோ ஒரு நாள் கூலியையோ விட்டு, காட்டுப் பாதையில் இறங்கி ஏறி வந்தால்தான் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். தொலைவில் இருக்கும் குக்கிராமத்தின் குடிநீர்க் கோரிக்கை பதிவேட்டில் ஏறாமல் போவதற்கு அந்த நடையே போதும்.

இதைத் தீர்க்கும் சட்டம் நாட்டில் இருக்கிறது. திலீப் சிங் பூரியா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1996இல் வந்த, பட்டியல் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை நீட்டிக்கும் பெசா (PESA) சட்டம், ஒரு குக்கிராமமே தனக்கென கிராம சபை வைத்துக்கொள்ள வழிசெய்கிறது. மரபு வழக்கத்தையும் ஏற்கிறது. ஆனால் அது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. இது ஜவ்வாது மலைக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்ல வேண்டும்.

மிச்சம் இருப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். நிலவரித் துறை அளக்காத பழைய குடியிருப்பையும் அது கிராமமாக மதிக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம். கிராம சபையின் வன உரிமைக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர் இருக்க வேண்டும். தமிழகத்தில் இந்தச் சட்டப்படி பட்டா வழங்குவது உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஆணையால் தடைப்பட்டுக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம்தான் வழி திறந்தது. எட்டு வருடம் என்பது ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கும் காலம்.

மன்றமும் நிலமும் சேர்ந்தே கிடைத்த இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1978இல் ஆருக்குன், மார்னிங்டன் தீவு என்ற இரண்டு ஆதிவாசிக் குடியிருப்புகள் தனி உள்ளாட்சிகளாயின. அங்கே மன்றத்தோடு நிலமும் 50 ஆண்டுக் குத்தகையாக வந்தது. ஜவ்வாது மலையில் மன்றம் ஊராருடையது, சுற்றியுள்ள காடு வனத்துறையுடையது.

மலை ஒன்றானாலும் மாவட்டம் வேறு. அதனால் உள்ளாட்சித் தேர்தலில் திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் 2019 டிசம்பரிலும், திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாட்டுப் பக்கம் 2021 அக்டோபரிலும் வாக்களித்தன. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.