நாள் பார்த்து எழுப்பிய நகரம்

கி.பி. 762-ஆம் ஆண்டு, சூலைத் திங்களின் இறுதியில், டைகிரிஸ் ஆற்றங்கரையிலே ஒரு தலைநகருக்குக் கடைக்கால் இடப்பட்டது. அதுவே பாக்தாத். இட்டவர் அப்பாசிய மரபின் இரண்டாம் கலீபா அல்-மன்சூர். வேளை குறித்துத் தந்தோர் சோதிடர்கள்: பாரசீகரான நௌபக்து, யூதரான மாஷா அல்லா.

நல்ல வேளை என்ன செய்தது? ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். அதே ஆண்டிலேயே மதீனாவில் கிளர்ச்சி. தொடர்ந்து பாசுராவிலும் கிளர்ச்சி! கட்டட வேலை நின்றது. கலீபா கூஃபாவுக்கு விரைந்தார். 763-இல் கிளர்ச்சி ஒடுங்கிய பின்னரே கொத்தனாரின் கரணை மீண்டும் அசைந்தது. கோள்கள் காக்கவில்லை, படையே காத்தது.

அந்தக் கிளர்ச்சியிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதீனாவில் எழுந்த முகம்மது, நபிகள் நாயகத்தின் வழிவந்தவர். தம் குடிப்பிறப்பில் அடிமைப் பெண்ணின் குருதி கலக்கவில்லை என்று அவர் மன்சூருக்கு எழுதினாராம். அக்கடிதத்தை வரலாற்றாசிரியர் தபரி பதிந்துள்ளார். குத்தல் யாருக்கு என்பது வெளிப்படை. மன்சூரின் தாய் சல்லாமா, பெர்பர் இனத்து அடிமைப் பெண். மன்சூர் நாணித் தலைகுனியவில்லை. உம் குடியில் சிறந்தோர் எனப் போற்றப்படுவோரிலும் அடிமைத் தாயர் பெற்ற மக்கள் உண்டே எனத் திருப்பிக் கேட்டார். பிறப்பைக் காட்டிப் பெருமை தேடுவோர்க்கு அன்றும் அதுதான் விடை, இன்றும் அதுதான் விடை!

ஆனால், அவரை அப்பழுக்கற்றவர் என்று நாம் கூறமாட்டோம். உமய்யாக்களின் ஆட்சியில், இசுலாத்தைத் தழுவியும் சமநிலை பெறாத அரபியர் அல்லாதார் குமுறினர். அக்குமுறலைப் படையாகத் திரட்டி, 747-இல் குராசானில் கருங்கொடி உயர்த்தியவர் அபூ முஸ்லிம். பிறப்பு இன்னதென்று தெளிவாகத் தெரியாத எளியவர். அவர் அமைத்துத் தந்த அரியணையில் 754-இல் அமர்ந்த மன்சூர், மறு ஆண்டே அவரை அவைக்கு வரவழைத்துக் கொல்வித்தார். ஏணியாய் நின்றவனுக்கு எமனாய் நின்ற கொடுமை அது. குடிப்பெருமையைச் சாடிய நாவுக்கு உரிய அதே மனிதரின் கைதான் இதையும் செய்தது.

பின் நகரம் தழைத்தது எதனால்? இடத்தால், உழைப்பால், கணக்கால். டைகிரிசையும் யூப்ரடீசையும் கால்வாய்கள் இணைத்தன. வட்டமாய் எழுந்த நகரின் நான்கு வாயில்களும் கூஃபா, பாசுரா, குராசான், சிரியா எனும் நான்கு திசை வழிகளை நோக்கித் திறந்தன. ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டதால், சில்லறைக் காசின் தந்தை என்று மன்சூரை மக்கள் எள்ளினர். அவர் இறந்தபோது கருவூலமோ நிறைந்திருந்தது.

அனைத்தினும் மேலாக, அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்கும் மனம் அங்கே இருந்தது. 765-இல் கலீபாவின் பிணி தீர்க்க குந்தேஷாப்பூரிலிருந்து வந்தவர் ஜுர்ஜிஸ் என்னும் கிறித்துவ மருத்துவர். சிந்துப் பகுதியிலிருந்து வந்த தூதுக் குழு வழியே கிடைத்த வடமொழி வானநூல், சிந்துஹிந்து என்ற பெயரில் அரபு மொழியில் உருப்பெற்றது. மருத்துவரின் மதத்தையோ, நூலின் நாட்டையோ கேட்டு அவர் கதவடைக்கவில்லை.

775-இல் மக்கா செல்லும் வழியில் மன்சூர் மறைந்தார். 1258-இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாதைச் சூறையாடியது. குறித்த வேளை குறுக்கே நிற்கவில்லை. வட்ட நகரின் மதில்கள் இன்று இல்லை. ஆயினும், அந்நகர் தேடித் திரட்டிய கணிதமும் மருத்துவமும் நாடு பல கடந்து நடந்தன.

நாள் பார்ப்போரே, எண்ணிப் பாருங்கள்: நிலைத்தது எது?