முதலில் மாதம், பிறகு இடம்: இலங்கைத் தீவைக் குடும்பத்துடன் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

வடக்கில் வளர்ந்த பலருக்குத் தெற்கு நோக்கிய பயணம் என்பது ஒருபோதும் சுற்றுலாவாக இருந்ததில்லை. சிகிச்சைக்கு, கடவுச்சீட்டுக்கு, தடுப்பில் இருந்த உறவைப் பார்க்க என்றே அந்த வீதியில் போனோம். 1990 ஜூனில் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. இதனால் ஒரு தலைமுறையே தான் பிறந்த தீவைப் பார்க்காமல் வளர்ந்தது. இன்று பிள்ளைகளும், விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவுகளும் "எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னர் கேட்க வேண்டியது "எந்த மாதம்?" என்பதே.

இரண்டு பருவக்காற்று

தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் நடுவில் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை வரை எழுந்து நிற்கும் மலைகள் மழையை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையையும் மலைகளின் மேற்குச் சரிவையும் நனைக்கிறது. அதே காற்று மலையைத் தாண்டும்போது காய்ந்து, கிழக்கில் கச்சான் காற்றாக அடிக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வடக்குக்கும் கிழக்குக்கும் மழையைக் கொண்டுவருகிறது. ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும்போது மறுகரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

ஒக்டோபர், நவம்பரில் எங்கும் மழை பெய்யலாம், புயலும் வரலாம். 1978 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்பு மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியதுடன் புகையிரதப் பாதையையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. மலையகப் புகையிரதத்தை நம்பித் திட்டமிடுவோர் எந்தப் பகுதி வரை சேவை நடக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை, ஓகஸ்டில் வந்தால்

புலம்பெயர் உறவுகள் அதிகம் வரும் காலம் இதுதான். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில் போகலாம். ஆனால் இக்காலத்தில் காற்றுப் பலமாக இருக்கும் நாட்களும் உண்டு. பின்னர் வவுனியா வழியாகத் திருகோணமலைக்குச் சென்றால் கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை ஆகியவை அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து மட்டக்களப்புக்கு உள்வழியாகப் போனால் மின்னேரியாக் குளக்கரையில் கூடும் யானைகளையும், பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரத்தையும் பார்க்கலாம். பாசிக்குடாவும் அறுகம்குடாவும் இப்போது குளிப்பதற்கு ஏற்றவை.

மலையும் வேண்டும் என்றால் செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் ஏறலாம். ஹற்றன் பக்கம் மழையில் நனையும் இதே நாட்களில் பதுளை, பண்டாரவளை, எல்ல ஆகியவை பெரும்பாலும் காய்ந்திருக்கும். கண்டியில் பெரஹெர நடக்கும் நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம்.

ஜனவரி முதல் மார்ச் வரை

இது தெற்குக்கும் மேற்குக்குமான காலம். காலிக் கோட்டை, மிரிஸ்ஸக் கடலில் திமிங்கிலங்கள், ஹற்றன் வழியாகச் சிவனொளிபாதமலை ஆகியவை இக்காலத்துக்கு உரியவை. மலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்குடன் முடிகிறது. மன்னாரில் இறங்கினால் திருக்கேதீஸ்வரத்துடன் வங்காலைப் பக்கத்துப் பூநாரைகளையும் காணலாம். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் பேருந்துகள் நிரம்பிவிடும். நுவரெலியாவில் அறை வாடகையும் ஏறிவிடும்.

தூரத்தை மணிக்கணக்கில் பாருங்கள்

வரைபடத்தில் சிறிய தீவு, வீதியில் அப்படியல்ல. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் வளைவுப் பாதையில் இரண்டரை மணி நேரமாவது எடுக்கும். கண்டியிலிருந்து எல்லவுக்குப் புகையிரதத்தில் போனால் ஒரு பகல் கழிந்துவிடும். பத்து நாட்களில் தீவைச் சுற்றி வந்தோர் வாகனத்தின் யன்னலைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். மூன்று இடங்களில் மூன்று மூன்று இரவுகள் தங்கி, அங்கிருந்து சுற்றிப் பார்ப்பது முதியோருக்கும் சிறுவருக்கும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டையை ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருவோருக்குத் தொல்பொருள் இடங்களிலும் சரணாலயங்களிலும் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதால் செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசர நிலையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வன்னியிலும் முகமாலைப் பக்கத்திலும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் வீதியை விட்டு இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதை முன்னரே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, பட்டியல் போடும்போது வீட்டுப் பெரியவர்களிடம் எங்கே போக விருப்பம் என்பதோடு எங்கே போக விருப்பமில்லை என்பதையும் கேளுங்கள். சிலருக்கு ஒரு சந்தியோ, ஒரு கட்டடமோ, ஒரு பாலமோ இன்னும் ஆறாத இடமாக இருக்கலாம். அந்த வழியைத் தவிர்ப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களுக்கு மலையகப் பயணம் வெறும் சுற்றுலா அல்ல. அம்மம்மா பிறந்த தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அதை முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். லயன் வீடுகள் மக்கள் வாழும் இடங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும், அந்தக் குடும்பத்தை அறிந்த யாராவது ஒருவரும் கிடைக்கக்கூடும்.