பிள்ளையைப் பறிகொடுத்தால்தான் உதவியா? அமெரிக்காவில் நடத்தைச் சிக்கலுள்ள சிறாரும் அரசும்

தன்னையோ உடன்பிறந்தவர்களையோ காயப்படுத்தும் பிள்ளை, அடிக்கடி வீட்டைவிட்டு ஓடிப்போகும் பிள்ளை, சினம் தலைக்கேறினால் கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்தெறியும் பிள்ளை: இத்தகைய கடும் நடத்தைச் சிக்கலோடு போராடிக் களைத்த பெற்றோர் அரசிடம் முறையிடுவது புதிதன்று. அமெரிக்காவில் அந்த முறையீட்டுக்கு மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பெற்றோர் பெரும்பாலும் கேட்டது உதவி. அரசு பெரும்பாலும் வழங்கியது தீர்ப்பு. யாரையாவது குற்றவாளியாக்கிய பிறகே உதவி என்ற ஏற்பாடு வடிவம் மாறி மாறித் தொடர்ந்தது. முதலில் பழி பிள்ளைமேல் விழுந்தது. பின்னர் பெற்றோர்மேல் விழுந்தது. இந்த ஏற்பாடு உருவான விதத்தையும் அது தளரத் தொடங்கிய இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிள்ளைமீது வழக்கு

மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1646இல் இயற்றிய சட்டப்படி, சொல் கேளாத 16 வயது மகனைப் பெற்றோரே நீதிபதிகள் முன் நிறுத்தலாம். அதற்குரிய தண்டனை மரணம். பழைய ஏற்பாட்டின் உபாகம நூலில் உள்ள விதியே இதற்கு மூலம். இச்சட்டத்தின்கீழ் எவரும் கொல்லப்பட்டதற்குச் சான்று இல்லை. ஆயினும் பிள்ளையின் பிடிவாதம் குற்றமே என்ற கருத்து நிலைத்துவிட்டது. அந்த மாநிலச் சட்டத்திலிருந்து அது நீங்கியது 1973இல்தான்.

19ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த இல்லங்கள் எழுந்தன. நியூயார்க்கில் 1825இலும் பிலடெல்பியாவில் 1828இலும் சிறார் புகலில்லங்கள் திறக்கப்பட்டன. 1830களின் இறுதியில் பிலடெல்பியாவில் மேரி ஆன் கிரவுஸ் என்ற சிறுமியை அடக்க முடியவில்லை என்று அவள் தாய் முறையிட, அவள் புகலில்லத்தில் அடைக்கப்பட்டாள். மகளை விடுவிக்கக் கோரித் தந்தை ஆட்கொணர்வு மனு தொடுத்தார். பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த இல்லம் சிறையன்று, பள்ளி. பெற்றோரால் இயலாதபோது அரசே பெற்றோரின் இடத்தில் நிற்கும் என்பது தீர்ப்பின் சாரம். தாய் தந்த புகாரைத் தந்தையால் திரும்பப் பெற முடியவில்லை. அரசிடம் ஒருமுறை ஒப்படைத்த பிள்ளை பெற்றோர் நினைத்தபோது திரும்பி வராது என்பதற்கு இவ்வழக்கு தொடக்கக்காலச் சான்று.

நீதிமன்றமும் மருத்துவமும்

சிகாகோவில் 1899இல் தொடங்கிய சிறார் நீதிமன்றம் தண்டனைக்குப் பதில் பராமரிப்பை முன்வைத்தது. 1909இல் அதே நகரில் மருத்துவர் வில்லியம் ஹீலி தலைமையில் சிறார் உளநோய் ஆய்வு நிலையம் அமைந்தது. நடத்தைக்குப் பின்னால் நோயும் வறுமையும் வீட்டுச் சூழலும் இருக்கலாம் என்ற நோக்கு இப்படி நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. ஆனால் அந்த மருத்துவரிடம் போக நீதிமன்றத்தின் வழியாகவே போக வேண்டியிருந்தது.

பெற்றோரும் இதைக் கையாளக் கற்றுக்கொண்டனர். கலிபோர்னியச் சிறார் நீதிமன்ற ஆவணங்களை ஆராய்ந்த மேரி ஓடெம், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் தங்கள் மகள்களைக் கட்டுப்படுத்தத் தாங்களே நீதிமன்றத்தை நாடியதைக் காட்டியிருக்கிறார். 1962இல் நியூயார்க், குற்றம் செய்யாத, ஆனால் அடங்காத சிறாரை ‘மேற்பார்வை தேவைப்படுவோர்’ எனத் தனியே வகைப்படுத்தியது. ஓடிப்போனதற்காகவும் பள்ளிக்கு மட்டம் போட்டதற்காகவும் பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் வழக்கத்தை 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்தியது. அது நியாயமான சீர்திருத்தம். ஆனால் பூட்டைத் திறந்த அரசு, வீட்டருகே சிகிச்சைக்குப் போதிய ஏற்பாடு செய்யவில்லை. கடுமையான மனநலச் சிக்கலுள்ள சிறாரில் மூன்றில் இரு பங்கினர் உரிய உதவி பெறவில்லை என ஆய்வாளர் ஜேன் நிட்சர் 1982இல் எழுதினார்.

பெற்றோர்மீது வழக்கு

இந்த வெற்றிடத்தில்தான் பழி இடம்மாறியது. தனியார் காப்பீடு மனநலச் சிகிச்சைக்குச் சில நாட்களோடு வரம்பு கட்டியது. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டு, நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டவில்லை. மாதக்கணக்கில் நீளும் உறைவிடச் சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்ட எவராலும் எளிதில் இயலாது. குழந்தைகள் நலத்துறையிடம் பணம் இருந்தது. ஆனால் அது அரசின் பொறுப்பில் உள்ள பிள்ளைகளுக்கே உரியது. எனவே பிள்ளைமேல் உள்ள பாதுகாவல் உரிமையை அரசிடம் விட்டுக்கொடுங்கள் என்பதே பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை.

இல்லினாயில் இது நடந்த முறையைப் பார்க்கலாம். மனநல மருத்துவமனையில் சேர்த்த பிள்ளையை அழைத்துப் போகலாம் என்று தகவல் வருகிறது. வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று அஞ்சும் தாய் அழைத்துப் போக மறுக்கிறார். மருத்துவமனை நலத்துறைக்குத் தெரிவிக்கிறது. பிள்ளையைப் புறக்கணித்ததாகத் தாய்மீது விசாரணை தொடங்குகிறது. அதன் பிறகே பிள்ளைக்குச் சிகிச்சை வழி திறக்கிறது. பிள்ளைக்காக ஓடியோடி அலைந்தவரே ஆவணத்தில் பிள்ளையைக் கைவிட்டவராகிறார். இதைவிடக் கொடிய நிபந்தனை ஒன்றை ஒரு தாய்க்கு விதிக்க முடியாது.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததன்று. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, 2001 நிதியாண்டில் குறைந்தது 12,700 சிறாரைப் பெற்றோர் மனநலச் சிகிச்சைக்காகவே அரசிடம் ஒப்படைத்ததாகக் கணித்தது. 19 மாநிலங்களும் 30 மாவட்டங்களும் தந்த விவரம் மட்டுமே இது. இவர்களில் சுமார் 9,000 பேர் சென்றது சிறார் நீதித்துறைக்கு.

2008ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா இந்த உண்மையை நாடறியச் செய்தது. பச்சிளங்குழந்தைகளை மருத்துவமனையில் விட்டுச் செல்லும் பெற்றோர்மீது வழக்கில்லை என்ற சட்டத்தை 50 மாநிலங்களில் கடைசியாக நிறைவேற்றிய அம்மாநிலம், வயது வரம்பு குறிப்பிடாமல் விட்டுவிட்டது. சில மாதங்களில் 36 பிள்ளைகள் விடப்பட்டனர். பலர் பதின்ம வயதினர். சிலர் பிற மாநிலங்களிலிருந்து காரில் அழைத்து வரப்பட்டவர்கள். நவம்பரில் சட்டமன்றச் சிறப்புக் கூட்டம் கூட்டி 30 நாள் என வயது வரம்பு விதித்தார்கள். அடுத்த ஆண்டு, குடும்பங்களுக்கான 24 மணிநேர உதவித் தொலைபேசிக்கும் வழிகாட்டிகளுக்கும் சட்டம் வழிசெய்தது. வழக்கு இல்லை என்றதும் இத்தனை பேர் வந்தார்கள் என்றால், அதுவரை அவர்களைத் தடுத்து நிறுத்தியது பழி குறித்த அச்சமும்தான்.

உரிமையாக மாறிய உதவி

மாற்று வழியும் இதே காலத்தில் உருவானது. மில்வாக்கியில் 1995 முதல் நலத்துறை, சிறார் நீதித்துறை, மெடிகெய்டு ஆகியவற்றின் நிதியை ஒன்றாகத் திரட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்திட்டம் வகுத்தார்கள். உறைவிடச் சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. மாசசூசெட்ஸில் 2006இல் வந்த ரோசி டி. வழக்கின் தீர்ப்பு, கடும் மனநலச் சிக்கலுள்ள மெடிகெய்டு சிறாருக்கு வீட்டிலேயே சேவை வழங்குவது மாநிலத்தின் சட்டக் கடமை என்றது. 2009 முதல் நெருக்கடி வேளையில் வீடு தேடி வரும் குழுக்களும் இல்லச் சிகிச்சையும் நடைமுறைக்கு வந்தன. சிகிச்சைக்காகப் பாதுகாவல் உரிமையை இழப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லினாயில் 2015இல் அமலானது.

முடிவுரை

இவ்வரலாற்றில் குற்றச்சாட்டுக்கு மூலமாக இருந்தது நிதியின் பாதை. நீதிமன்றத்தோடும் பாதுகாவல் உரிமையோடும் பணம் பிணைந்திருந்த வரை, உதவி கேட்டவர் குற்றம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளையின் மருத்துவத் தேவையோடு பணம் இணைந்த இடத்தில் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஆனால் பெற்றோரின் முறையீட்டை அப்படியே ஏற்பதும் தீர்வாகாது. மகள்களின் சுதந்திரத்தை ஒடுக்கவும் அதே நீதிமன்றங்கள் பயன்பட்டன என்பதை ஓடெம் ஆய்வு நினைவூட்டுகிறது. பெற்றோர் விரும்பினால் முறையான நீதி விசாரணையின்றி, சார்பற்ற மருத்துவ மதிப்பீட்டின் பேரில் பிள்ளையை அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம் என்று 1979இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் பார்ஹம் வழக்கில் ஏற்றதும் இங்கே கவனத்துக்குரியது. ஆகவே பெற்றோரைப் பழிக்காமல் உதவுவது, பிள்ளையின் குரலையும் கேட்பது, முடிந்தவரை வீட்டிலேயே சிகிச்சை தருவது ஆகிய மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். எந்த நாட்டின் சிறார் சட்டத்தையும் இவற்றைக் கொண்டே எடைபோடுவது தகும்.