நந்தினிக்கு நான் போட்ட மதிப்பெண்



முழங்கால் வலியால் இந்தக் கோடையில் எங்கும் போகவில்லை. இரண்டு நாவல்கள் படித்தேன். ஒன்று, நான்காவது முறையாக, கல்கியின் பொன்னியின் செல்வன். மற்றது பேத்தி வாங்கித் தந்த ஆங்கில நாவல், பென் ஆரனோவிச் எழுதிய ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்ததால் அதை முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

லண்டன் கதையை முதலில் சொல்கிறேன். ஓர் இளம் போலீஸ்காரருக்குக் கொலை வழக்கில் சாட்சி கிடைக்கிறது. அந்தச் சாட்சி ஒரு பேய்! தேம்ஸ் நதியும் அதன் கிளை ஆறுகளும் மனித உருவில் நகரத்தில் நடமாடுகின்றன. நடுநடுவே வரலாறும் வருகிறது. 1858 கோடையில் தேம்ஸ் சாக்கடையாகி நாறியபோது, நாடாளுமன்ற ஜன்னல்களில் மருந்துக் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். அதன் பிறகுதான் பாசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். அந்த ஆண்டோடு கிழவர் தேம்ஸ் நகரை விட்டே போய்விட்டார் என்கிறது நாவல். இதில் எது வரலாறு, எது கற்பனை என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. பேய் வந்தவுடன் நாம் உஷாராகிவிடுகிறோம் அல்லவா?

பொன்னியின் செல்வனில் பேய் இல்லை. ஆபத்தே அங்குதான்.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடர் அது. குந்தவை உண்மை, வந்தியத்தேவன் உண்மை, பழுவேட்டரையர்கள் உண்மை. அந்த வரிசையில் நந்தினியும் உண்மையாகிவிடுகிறாள். ஆனால் அவள் கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் அவள் இல்லை.

கல்வெட்டில் இருப்பது வேறு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களுடைய நிலத்தோடு உறவினர்களின் நிலமும் பறிக்கப்பட்டதாகச் சொல்கிறது. யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை. உத்தம சோழனைச் சந்தேகித்தார் நீலகண்ட சாஸ்திரி. அதை ஏற்காதவர்களும் உண்டு. விடை இன்னும் முடிவாகவில்லை.

வேடிக்கை பாருங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரியின் பக்கத்து ஊர்தான் இது. கதை தொடங்கும் இடத்திலேயே ஆதாரமும் கல்லில் இருக்கிறது.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும்போது நந்தினியின் கதையைத்தான் ரசித்து ரசித்துச் சொன்னேன். கதை என்று சொல்லவில்லை. தேர்வில் ஒரு பையன் “நந்தினியின் சூழ்ச்சியால் கரிகாலன் இறந்தான்” என்று எழுதினான். நான் சரி போட்டேன். சென்ற மாதம் அவன் போன் செய்தான். தன் மகளிடம் அதையே சொன்னானாம். அவள் பாடப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இதில் நந்தினியே இல்லையே அப்பா” என்றாளாம். “எங்க டீச்சரே சொன்னாங்க” என்று அடித்துப் பேசியிருக்கிறான். பிறகு என்னிடமே கேட்டான். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

தம்பி, உன் மகள் சொன்னதுதான் சரி. அந்த மதிப்பெண்ணை இன்று திரும்பப் பெறுகிறேன். தவறு உன்னுடையதல்ல, என்னுடையது.

அதற்காக நாவலை மூடி வைக்காதீர்கள். சோழர் மீது எனக்கு ஆசை வந்ததே கல்கியால்தான். இந்த முறை பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன்: கல்வெட்டில் உள்ளவர்களுக்கு ‘க’, கற்பனைக்கு ‘ந’. நந்தினிக்கு ‘ந’ போடும்போது மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

உங்கள் பிள்ளைகளோடு நீங்களும் அப்படிப் படித்துப் பாருங்கள். விடுமுறையில் முடிந்தால் உடையார்குடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். இது டீச்சர் தரும் கடைசி வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்